உன் வாப்பாவின் ஊதா முத்திரை

முகாமிலிருந்து வெளியே விட்ட நாளன்று என் பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தினார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொன்னேன். விரலும் வேண்டும் என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். கூடக் கதைத்தால் திரும்பவும் உள்ளே அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் விரலை நீட்டினேன். மை ஊதா நிறம். செட்டிகுளத்து வெயிலில் காய்ந்துபோன பெட்டிக்குள் யாரோ தண்ணீர் விட்டு இளக்கியிருந்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு வரிசையும் தெரியவில்லை, கம்பிவேலியும் தெரியவில்லை. தண்ணீரூற்றுச் சந்தியில் உன் வாப்பாவின் கடை மேசைதான் தெரிந்தது.

இப்போது வவுனியாவில் சித்தி வீட்டில் இருக்கிறேன். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன், தேங்காய் எண்ணெயும் போட்டுப் பார்த்துவிட்டேன். நகத்தின் பிளவுக்குள் போன மை போகமாட்டேன் என்கிறது. சரி, அது போவதற்கு முன் உனக்கு எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். நீ மௌத்தாகி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நீ இருக்கும்போது எழுதியிருக்க வேண்டிய மடல் இது. அப்போது எழுதினால் நீ பதில் போடுவாய் என்ற பயம் எனக்கு இருந்தது.

உன் வாப்பாவுக்கு அந்த முத்திரையில் இருந்த ஆசை ஊருக்கே தெரியும். நீள்வட்டமாக ஒரு றப்பர் சீல். மேலே கடையின் பெயர், நடுவில் அவருடைய பெயர், கீழே தண்ணீரூற்று. சீனிப் பையிலிருந்து கலண்டர் வரைக்கும் கைக்கு எட்டிய எல்லாவற்றிலும் குத்துவார். உன்னுடைய பள்ளிக்கூடக் கொப்பிகளிலும் குத்தி அனுப்புவார். "எங்க, திரும்பு, உனக்கும் முதுகில குத்தியிருக்கிறாரோ பாப்பம்" என்று நாங்கள் உன்னைப் பகிடி பண்ணுவோம். நீ அழுதுகொண்டு போய்ச் சொன்னால் அவர் சிரித்துக்கொண்டு, "பேர் இருக்கிற சாமான் வழி தவறாது மகள்" என்பார்.

ஆனால் அவருடைய உயிர் கடையில் இல்லை, உள்வீட்டு அலுமாரியில் இருந்தது. கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகும்போதெல்லாம் இரண்டு மூன்று இசைத்தட்டுகள் வாங்கி வருவார். அரிசி மூட்டையும் செத்தல் மிளகாயும் லொறியில் வரும். தட்டுகள் மட்டும் அவருடைய மடியில் வரும். வந்ததும் நடுவில் இருக்கும் வட்டக் கடதாசியில் சீல் குத்திவிட்டுத்தான் மற்ற வேலை. பின்னேரம் கடையைச் சாத்திவிட்டு றேடியோகிராமில் ஒரு தட்டைப் போட்டு, சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துக் கேட்பார். பள்ளிவாசல்காரர் குறை சொல்வார்கள் என்று உன் உம்மாவுக்குப் பயம். "ஊருக்குக் கேக்கப்போகுது" என்று குசினிக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருப்பா. ஊருக்குக் கேட்காத பாட்டு, கடற்கரையிலிருந்து அம்மாவோடு கருவாடு விற்க வந்து உங்கள் வேலியோரம் நிற்கும் எனக்கும் என் தம்பிக்கும் கேட்கும். எனக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது அந்தக் குறைந்த சத்தத்தில்தான். உனக்குப் பிடித்ததும் அங்கேதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாவுக்குப் போன நேரம் நாமிருவரும் அலுமாரியைத் திறந்து ஒரு தட்டை எடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் நீ படாரென்று கதவைச் சாத்தினாய். என் பெருவிரல் உள்ளே இருந்தது. நான் கத்தவில்லை. கத்தினால் நீ அகப்பட்டுவிடுவாய். நீ கோப்பித்தூளை அள்ளி வைத்துக் கட்டினாய். அன்றைக்குப் பிளந்த நகம் பிறகு பிளந்தபடிதான் வளர்ந்தது. எங்கள் அம்மா கேட்டபோது, வள்ளத்துக் கயிறு இழுத்தது என்று சொன்னேன். கரையில் பிறந்தவளுக்கு அது ஒரு நல்ல பொய்.

பிறகு சண்டையால் கரையில் இருக்க முடியாமல் போய், ஒரு பாயும் நாலு சட்டிபானையுமாக உங்கள் பின்வளவில் வந்து நின்றோம். உன் வாப்பா கூரை வேயக் கிடுகு தந்தார், மரம் தந்தார், கிணற்றில் அள்ளச் சொன்னார். "கிடுகில மட்டும்தான் அவர் சீல் குத்தேல்ல" என்று எங்கள் அப்பா சொல்லிச் சிரிப்பார். அந்தக் கொட்டிலில் நாங்கள் ஒரு மழைகூடக் காணவில்லை, தொண்ணூறில் உங்கள் முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். உடுத்த உடுப்போடு போக வேண்டும், வழியில் சோதிப்பார்கள் என்றார்கள். உன் உம்மா தன் காதில் கிடந்ததைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் நின்றா. நீதான் பின்பக்கத்தால் ஓடி வந்தாய், ஒரு தேயிலைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு. அதற்குள் தட்டுகள். "வாப்பா குடுக்கச் சொன்னவர். கெதியா வந்திடுவம், பாத்துக்கொள்" என்றாய். நான் வாங்கினேன். சொன்னவர்கள் எங்கள் ஆட்கள், தமிழ் இயக்கத்துப் பெடியள். எங்கள் அப்பாவுக்கு அவர்களில் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுமளவுக்குத் தெரியும். ஏன் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான் பெட்டியைக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டு வந்து பார்த்தபோது நீங்கள் சந்தி திரும்பிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டு ஓடுகள் போயின, கதவுகள் போயின, றேடியோகிராமை யாரோ மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் ஒன்றையும் கழற்றவில்லை. அதை நான் வருடக்கணக்காக ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கழற்றாமல் இருந்ததைப் பெருமையாகச் சொல்லுமளவுக்கு எங்கள் ஊர் வந்திருந்தது.

சமாதானம் வந்து பாதை திறந்ததும் கனடாவுக்குப் போயிருந்த என் தம்பி வந்தான். அவனுக்கும் பாட்டுப் பைத்தியம். உங்கள் வேலியோரம் நின்று பிடித்துக்கொண்டதுதான். பெட்டியைத் திறந்து காட்டினேன். வெயில் படாமல், கறையான் ஏறாமல் வைத்திருந்தேன். அவன் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். இவற்றில் சில வேறு எங்கேயும் இல்லை அக்கா, உலகத்தில் இருக்கிற ரசிகர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றான். அடுத்த முறை வரும்போது தட்டுச் சுழற்றும் சின்னப் பெட்டி ஒன்றும் ஒரு மடிக் கொம்பியூட்டரும் கொண்டு வந்தான்.

அந்த வேலையை நாங்கள் எவ்வளவு பக்குவமாகச் செய்தோம் என்று நீ பார்த்திருக்க வேண்டும். ஜெனறேற்றர் இரைச்சல் பாட்டில் விழாமல் இருக்க அதைப் பக்கத்து வளவுக் கிணற்றடியில் வைத்து நீளத்துக்கு வயர் இழுத்தோம். கோழிகளைக் கூடையால் மூடினோம். வருகிறவர்களை வாசல் படலையிலேயே மறித்தோம். தட்டுகளைக் கழுவியது நான். மழைத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, கீறல்களின் வழியே மட்டும் துடைத்து, நடுவில் இருக்கும் கடதாசியில் ஒரு சொட்டுப் படாமல் கழுவினேன். உன் வாப்பாவின் முத்திரை குத்தியபடியே இருந்தது, கொஞ்சமும் கரையவில்லை. காலையில் அப்படிப் பொத்திப் பொத்திக் கழுவிய கையால்தான் பின்னேரம் அதை மறைத்தேன்.

தம்பி ஒவ்வொரு தட்டையும் படம் எடுக்க வேண்டும் என்றான். நான் தூக்கிப் பிடித்தேன். முதல் படத்தில் என் பெருவிரல் தற்செயலாகத்தான் முத்திரைக்கு மேல் இருந்தது. அது சத்தியம். அவன் கமராவின் பின்பக்கத்தைப் பார்த்தான். "நல்லது. அப்பிடியே பிடி அக்கா, எல்லாத்துக்கும்" என்றான்.

"ஏன், பேர் மறையுதே."

"அதுதான். இந்தப் பேரைப் போட்டா இவர் இப்ப எங்க எண்டு கேப்பினம். பாட்டுக் கதை வேற கதையாப் போயிடும்."

எனக்கு விளங்கியது. விளங்காதது போல நடிக்கவும் எனக்கு நேரம் எடுக்கவில்லை. அடுத்த தட்டை எடுத்து, விரலை முத்திரையின் மேல் சரியாக வைத்து, தூக்கிப் பிடித்தேன். பெட்டி முடியும்வரை பிடித்தேன்.

அவன் திரும்பிப் போய் இணையத்தில் ரசிகர்கள் கூடும் இடத்தில் பாட்டுகளை ஏற்றினான். முல்லைத்தீவுப் பிலோ அக்கா போருக்குள் காப்பாற்றிய தட்டுகள் என்று என் பெயரில் தலைப்பு. காசு வாங்கவில்லை. அதில் அவர்கள் வலு கண்டிப்பு. விற்கக்கூடாது, பாட்டில் கை வைக்கக்கூடாது, தட்டிலிருந்து எடுத்தவரின் பெயரைச் சொல்லாமல் வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. இப்படி எடுத்துப் பகிர்வது சரியா, களவா என்றும் அங்கே பெரிய வாதம் நடந்திருக்கிறது. தட்டு அடித்த கம்பனி இப்போது இல்லையே என்றான் ஒருவன். பாடியவரின் பிள்ளைகள் கஷ்டத்தில் இருக்கலாம், அவர்களைக் கேட்டோமா என்றாள் இன்னொருத்தி. அவள் நல்ல பிள்ளை. அவளுக்கும் தட்டு யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்க வழி வைக்காமல்தானே நான் பிடித்திருந்தேன்.

வந்து போகிறவர்களின் கையில் தம்பி அந்தக் கருத்துகளை அச்செடுத்து அனுப்புவான். எல்லோருக்கும் என் விரல் பிடித்துப்போயிருந்தது. பிலோ அக்காவின் விரல் இருந்தால்தான் அது அசல் என்று எழுதியிருந்தார்கள். பிளந்த நகத்தைப் பார்த்துவிட்டு, ஷெல் பட்ட விரலாக்கும் என்று ஒருவர் உருகியிருந்தார். லீவில் வந்த இரண்டு குடும்பம் தண்ணீரூற்றுக்கே தேடி வந்து என் கையைப் படம் எடுத்துக்கொண்டு போனது. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். எனக்குக் கூச்சமாக இருந்தது என்று எழுதத்தான் கை வருகிறது. கூச்சம் இல்லை. புளுகமாக, உள்ளுக்குள் பூரிப்பாக இருந்தது. சும்மா கருவாடு விற்றுக்கொண்டிருந்தவளை உலகம் அக்கா என்கிறதே என்ற புளுகம். ஒருமுறை யாரோ என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரில் அந்தப் பாட்டுகளை ஏற்றிவிட்டானாம். தம்பி தொலைபேசியில், "கள்ளன் அக்கா, பச்சைக் கள்ளன்" என்று குதித்தான். நானும் சேர்ந்து குதித்தேன்.

அந்த வருடம், அகதியாய்ப் போய் இருந்த புத்தளத்திலிருந்து நீ வந்தாய். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி ஏறி, இரண்டு பஸ் மாறி, முகமெல்லாம் புழுதியாக. முதலில் உங்கள் வளவுக்குப் போனாய். கூரை இல்லாத வீட்டுக்குள் ஒரு வேம்பு வளர்ந்து நின்றது. அதைச் சுற்றி வந்துவிட்டு, குசினி இருந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு, பின்வளவுக்கு என்னிடம் வந்தாய். என்னைக் கட்டிப் பிடித்தாய். நான் சம்பலும் பாணும் வைத்தேன். சாப்பிட்டாய். தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தாய்.

"உன்ர கையைக் காட்டு" என்றாய்.

"என்னத்துக்கு?"

"காட்டடி."

நீட்டினேன். பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாய். "இன்னும் பிளந்துதான் வளருது. புத்தளத்தில ஒரு சீடிக் கடையில இதைக் கண்டனான். மட்டைப் படத்தில தட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. நான் நசிச்ச விரல் எனக்குத் தெரியாதா?"

"விக்கக் கூடாதெண்டுதான் சொன்னவை. ஆரோ களவா அடிச்சு விக்கினம்" என்றேன். என் வாயில் முதலில் வந்தது அதுதான். இன்றைக்கும் நினைத்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரிவதில்லை.

நீ சிரித்தாய். "விலையை ஆர் கேட்டது? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்சிருக்கிறாய். உடைச்சது நல்லம், நாலு பேர் கேக்கட்டும். எந்தக் கடைத் தேங்காய் எண்டதையல்லோ சொல்லாமல் விட்டிட்டாய்."

நான் தம்பி சொன்ன காரணத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, நிறுத்திவிட்டேன். நீ கோபப்படவில்லை. உன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லும் குரலில் மிச்சத்தைச் சொன்னாய்.

"வாப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துப் போட்டுது. பார்வையும் குறைவு. அந்தச் சீடியை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டனான். முதல் பாட்டிலயே பிடிச்சிட்டார். இது எங்கட ஊசி கீறின கீறல் எண்டார். எங்கட பிலோ வச்சிருக்கிறாள் எண்டார். பிறகு, மட்டையில என்ன எழுதியிருக்கு, வாசி மகள் எண்டார்."

"என்ன வாசிச்சனீ?"

"அவற்ற பேரை வாசிச்சனான். கடைப் பேர், ஊர்ப் பேர், எல்லாம். இல்லாததை இருக்கிற மாதிரி வாசிச்சன். அண்டைக்கு ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டார்."

வெளியே யாரோ படலையைத் தட்டினார்கள், நான் எழும்பிப் போகவில்லை.

"தட்டுகளை நான் கேக்கேல்ல பிலோ. அங்க ஒரு அறைக்குள்ள ஏழு பேர், எங்க வைக்கிறது? உன்னட்டயே இருக்கட்டும். பேரை மட்டும் போடச் சொல்லு. ஒவ்வொரு நாளும் அந்த மட்டையைத் தடவிப் பாத்துக்கொண்டு கிடக்கிறார். பேரன் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிட்டான். அவன் வாசிச்சுக் குடுக்கிறதுக்கு முதல் போட்டிடு. நான் சொன்ன பொய்யை உண்மையாக்கித் தா."

தருகிறேன் என்றேன். மாதா மேல் ஆணையாகத் தருகிறேன் என்றேன். பஸ் ஏற்றிவிட வந்தபோது உன் கையில் ஒரு பை சூடைக் கருவாடு தந்தேன். அதை உன் வாப்பாவுக்கு என்று கொடுத்தபோது பையின் வாயைத் திரும்பத் திரும்ப முடிந்தேன். நீ அதை அன்பு என்று எடுத்துக்கொண்டிருப்பாய்.

அடுத்த நாளே புதுக்குடியிருப்புக்கு சைக்கிளில் போய், கொம்யூனிகேசன் கடையிலிருந்து தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன், "இப்ப வேண்டாம் அக்கா. பேச்சுவார்த்தை நடக்கிற நேரம். ஆரும் எடுத்துப் பிரச்சினையாக்குவாங்கள்" என்றான். "நாங்கள் விக்கேல்ல. அவையின்ர தட்டைப் பத்திரமா வச்சிருக்கிறம். ஆருக்கு நட்டம்?" என்றும் கேட்டான். கெட்டவன் இல்லை அவன். உங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவன். ஒரு பெயரைப் போட்டால் அதன் பின்னால் ஒரு கேள்வி வரும், அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு ஊரே வரும் என்று பயந்தான். நான் அவனோடு சண்டை பிடித்திருக்கலாம். போடாவிட்டால் எல்லாவற்றையும் எடுத்துவிடு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போட்டிருப்பான். சொல்லவில்லை. எடுத்துவிட்டால் பிலோ அக்காவும் போய்விடுவாள்.

இரண்டாம் முறை கேட்டபோது, அடுத்த தொகுதி ஏற்றும்போது பார்ப்போம் என்றான். அடுத்த தொகுதி என்று ஒன்று இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மூன்றாம் முறை நான் வேறு கதை கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். நீ உன் மச்சானிடம் சொல்லி அனுப்பினாய், என்ன மாதிரி என்று. ஆகுது, கொஞ்சம் பொறுக்கட்டும் என்று நானும் சொல்லி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து இன்னுமொரு முறை சொல்லி அனுப்பினாய். அதற்கு நான் பதிலே அனுப்பவில்லை.

ஒரு மாரிகாலம், கொம்யூனிகேசன் கடைக்காரர் ஆள் அனுப்பினார், புத்தளத்திலிருந்து அழைப்பு வருமாம் என்று. நனைந்துகொண்டு போனேன். உன் குரல் தெளிவாகக் கேட்டது. "வாப்பா போயிட்டார் பிலோ. நேற்று அடக்கினது" என்றாய். நான் அழுதேன். நீ என்னை ஆற்றினாய். அழுதுகொண்டே, பேரைப் போடச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று ஏதோ சொன்னேன்.

"இனி அவசரமில்லை" என்றாய்.

குத்தலாகச் சொல்லவில்லை. உனக்குக் குத்தத் தெரியாது. பொறுப்பு ஒன்றை இறக்கி வைத்தவளைப் போலச் சொன்னாய். பேரன் வாசித்துக் கொடுத்தானா, அவர் தெரிந்துகொண்டுதான் கண்ணை மூடினாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல்தான் உன்னோடு பிறகும் இரண்டு முறை கதைத்தேன். பிறகு சண்டை திரும்பவும் தொடங்கி, பாதையைப் பூட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தண்ணீரூற்றை விட்டு எழும்பியபோது சைக்கிளில் அரிசியைக் கட்டுவதா பெட்டியைக் கட்டுவதா என்று நின்றேன். அரிசியைக் கட்டினேன். பெட்டியைக் கொட்டில் மூலையில் வைத்து, மேலே பாயைப் போட்டுவிட்டு வந்தேன். பிறகு ஊர் ஊராக ஓடி, முள்ளிவாய்க்கால் மணலில் பதுங்குகுழிக்குள் கிடந்து, கடைசியில் செட்டிகுளத்துக் கூடாரம். முகாமில் பலர், நாங்களும் இப்போது உங்களைப் போல ஆகிவிட்டோம், கணக்குச் சரியாகிவிட்டது என்ற மாதிரிக் கதைப்பார்கள். எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை. எனக்கு ஷெல் அடித்தவன் உன் ஆள் இல்லை. உன்னைப் போகச் சொன்னவன் என் ஆள். இதில் எந்தக் கணக்கும் சரியாகவில்லை.

நோன்பு நாட்களில் ஒரு பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ என் பெயரைச் சொல்லி விசாரிப்பதாகச் சொன்னார்கள். போனேன். உன் தம்பி. புத்தளத்திலிருந்து லொறியில் சாமான் கொண்டு வந்தவர்களோடு வந்திருந்தான். தாடி வைத்திருந்தான், கண்ணைப் பார்த்துத்தான் பிடித்தேன். கம்பிக்கு மேலால் ஒரு பை தந்தான். இரண்டு சீலை, சவர்க்காரம், பேரீச்சம்பழம்.

"ராத்தா போன வருசம் மௌத்தாப் போயிட்டா, பிலோ அக்கா. சிறுநீரக வருத்தம். வன்னியில சண்டை எண்டு கேட்ட நாளில இருந்து உங்களத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தவ. ஆரும் அந்தப் பக்கம் போனா பிலோவைப் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவ."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தட்டுகளைப் பற்றி ஏதும் சொன்னவவா?" என்று கேட்டேன்.

"எந்தத் தட்டு?" என்றான்.

நீ வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. உன் தம்பிக்குக்கூட. உன் வாப்பாவின் பெயரை நான் மறைத்தேன், என் பெயரில் ஒரு மறு படாமல் நீ வைத்திருந்து போயிருக்கிறாய். அந்தப் பேரீச்சம்பழத்தை என்னால் தின்ன முடியவில்லை, கூடாரத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். சீலையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு இல்லை.

வவுனியாவுக்கு வந்த அன்றே என் தம்பிக்கு எடுத்தேன். நீ போனதைச் சொன்னேன், வாப்பா கேட்டதையும் நீ பொய்யாக வாசித்ததையும் முதல்முறையாக முழுதும் சொன்னேன். அவன் அழுதான். அன்றிரவே பெயரைப் போட்டுவிட்டான். உன் வாப்பாவின் முழுப் பெயர், கடைப் பெயர், ஊர்ப் பெயர், நீ வாசித்துக் காட்டிய அதே ஒழுங்கில். நேற்று எடுத்து, வந்த கருத்துகளை ஒவ்வொன்றாக எனக்கு வாசித்தான். ஒரு முஸ்லிம் சகோதரரின் பொக்கிஷத்தைப் போருக்குள்ளும் பொத்திப் பாதுகாத்த அக்காவுக்கு நன்றி என்று ஒருவர். இனங்களுக்கிடையே பாலம் என்று இன்னொருவர். அக்காவின் பெரிய மனம் என்று வேறொருவர். அவர் எங்கே, ஏன் அவருடைய தட்டு அக்காவிடம் இருந்தது என்று யாராவது கேட்டார்களா என்றேன். இல்லை என்றான். இவ்வளவு வருடம் நாங்கள் பயந்த கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெயரையும் கொண்டுவந்து எனக்கே மாலையாகப் போட்டுவிட்டார்கள்.

"எழுது" என்றேன் தம்பியிடம். நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். இந்தத் தட்டுகளின் சொந்தக்காரரை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய பெயரை வேண்டுமென்றே என் விரலால் மறைத்துப் படம் எடுத்தோம். அவருடைய மகள் வந்து கேட்ட பிறகும் போடவில்லை. அவர் பெயர் இல்லாமலே செத்தார், மகளும் செத்த பிறகு போட்டிருக்கிறோம். நான் எதையும் காப்பாற்றவில்லை.

தொலைபேசிக்குள் கேட்டுக்கொண்டிருந்த தட்டச்சுச் சத்தம் பாதியில் நின்றுவிட்டது.

"இப்பிடி எழுதினா உனக்குத்தானே அக்கா அவமானம்?"

"ஓம்" என்றேன். "அங்க கிடக்கிறதில அது ஒண்டுதான் என்ர. அதையாவது என்ர பேரில போடு."